பதிவேட்டில் ஏறிய பெயர்களும் ஏறாத பெயர்களும்

(கல்லூரி ஒன்றில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்த எழுத்து வடிவம். பேச்சினிடையே வந்த கிளைச் செய்திகளும் இறுதியில் நடந்த கேள்வி-பதிலும் இங்கே விடப்பட்டுள்ளன.)



இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர் தம் அண்ணனைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர் என்று, அழைப்போடு வந்தவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்டதும் எதைப் பேசுவது என்று தேட வேண்டிய வேலை எனக்கு இல்லாமல் போயிற்று. மூச்சுக்காற்றின் வழியே பரவும் ஒரு புதிய தொற்று உலகைச் சூழும்போது, ஏற்கெனவே காசநோயோடும் எச்.ஐ.வி.யோடும் வாழ்கிறவர்களுக்கு என்ன நேர்கிறது? கொரோனா ஆண்டுகளை வைத்து இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முயல்கிறேன்.

2020 ஏப்ரல் மாதத்து ஒரு காட்சியிலிருந்து தொடங்குகிறேன். அப்போது நான் ஒரு மாவட்டத்தில் காசநோய்ப் பிரிவில் பணியில் இருந்தேன். சளிப் பரிசோதனைக் கூடத்தில் நீளமான பதிவேடு ஒன்று உண்டு. வழக்கமான நாளில் அதில் ஒரு பக்கம் நிரம்பிவிடும். ஊரடங்கு தொடங்கி மூன்றாவது வாரம் அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். ஒரு வாரம் முழுக்கச் சேர்ந்தும் ஒரு பக்கம் நிரம்பவில்லை.

அதே வளாகத்தில் முற்றத்தைத் தாண்டினால் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான கூட்டுமருந்து சிகிச்சை மையம், நாங்கள் ஏ.ஆர்.டி. மையம் என்று சொல்வது. அங்கே ஆலோசகர்கள் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தார்கள். "மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கு? பஸ் இல்லையே, யாரை அனுப்பட்டும்?" மேசைமேல் பெயர் எழுதாத உறைகளில் மூன்று மாத மாத்திரைகள் அடுக்கப்பட்டிருந்தன.

ஒரே ஊர், ஒரே ஊரடங்கு, ஒரே வளாகம். ஒரு பதிவேடு வெறுமையாகிக்கொண்டிருந்தது. இன்னொன்று கைவிட்டுப் போகாமல் காக்கப்பட்டுக்கொண்டிருந்தது. பல ஆண்டுகளாக இந்த வேறுபாட்டை நான் யோசித்து வந்திருக்கிறேன். இன்று நான் வைக்கும் கருத்து ஒன்றே ஒன்றுதான். பெருந்தொற்று வருவதற்கு முன்பே ஒரு நோயாளியின் பெயர் பதிவேட்டில் ஏறியிருந்ததா, அந்தப் பெயரைத் தேடிச் செல்ல ஆள் இருந்தாரா என்பதே அவருடைய கதியைப் பெருமளவு தீர்மானித்தது. இதை ஆறு கூறுகளாக விளக்குகிறேன்.

1. உடலுக்குள் நடந்தது

முதல் கேள்வி மருத்துவக் கேள்வி. எச்.ஐ.வி. உள்ளவருக்குக் கொரோனா வந்தால் ஆபத்து கூடுமா? 2020-இன் தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த சிறு ஆய்வுகள் பலவற்றில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அங்கே எச்.ஐ.வி. உள்ளவர்களின் எண்ணிக்கையும் குறைவு, காசநோயும் குறைவு. இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கக்கூடிய இடம் தென்னாப்பிரிக்கா. உலகிலேயே மிக அதிகமான எச்.ஐ.வி. உள்ளவர்கள் வாழும் நாடு அது. காசநோய்ச் சுமையும் அங்கே மிகப் பெரிது.

கேப்டவுன் நகரை உள்ளடக்கிய மேற்கு கேப் மாகாணத்தில், அரசு மருத்துவமனைகளை நாடும் ஏறத்தாழ 35 லட்சம் பெரியவர்களின் பதிவுகளை ஆய்வாளர்கள் ஒன்றிணைத்துப் பார்த்தார்கள். வயது, பால், பிற நோய்கள் எல்லாவற்றையும் கணக்கில் கொண்ட பிறகும், எச்.ஐ.வி. உள்ளவர்கள் கொரோனாவில் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. அப்போது காசநோய் இருந்தவர்களுக்கு அது 2.7 மடங்கு. முன்பு காசநோய் வந்து குணமானவர்களுக்குக்கூட ஒன்றரை மடங்கு. குணமான காசநோய் நுரையீரலில் தழும்பை விட்டுச் செல்கிறது. மாத்திரை முடிந்த பிறகும் மூச்சின் கொள்ளளவு பலருக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. அந்தத் தழும்பின்மேல்தான் புதிய தொற்று வந்து விழுந்தது.

அந்த முதல் ஆய்வில், சிகிச்சையால் எச்.ஐ.வி. கட்டுக்குள் இருந்தவர்களிடமும் ஆபத்து கூடுதலாகவே காணப்பட்டது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பின்னர் நாடு முழுவதும் மருத்துவமனைகளில் சேர்ந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு படத்தைத் தெளிவாக்கியது. மருந்து எடுக்காதவர்கள், இரத்தத்தில் வைரஸ் அளவு கட்டுக்குள் வராதவர்கள், எதிர்ப்பாற்றலின் அளவுகோலான சிடி4 அணுக்கள் 200-க்கும் கீழே இறங்கியவர்கள் ஆகியோரிடம்தான் இறப்பு தெளிவாக மிகுந்திருந்தது.

இன்னொரு செய்தியும் தென்னாப்பிரிக்காவிலிருந்தே வந்தது. எச்.ஐ.வி. முற்றிய நிலையில், மருந்து பயன் தராமலிருந்த ஒரு பெண்ணின் உடலில் கொரோனா வைரஸ் 216 நாட்கள் தங்கி, உருமாறிக்கொண்டே இருந்தது. அவருக்கு எச்.ஐ.வி. மருந்தை மாற்றி, அது வேலை செய்யத் தொடங்கிய பிறகு கொரோனா வைரஸும் உடலைவிட்டு நீங்கியது. இந்தச் செய்தியை வைத்து எச்.ஐ.வி. உள்ளவர்களைச் 'சுமந்து பரப்புகிறவர்கள்' என்று பேசியவர்கள் உண்டு. அது தவறு, கொடுமையும்கூட. ஒருவருக்குச் சரியான எச்.ஐ.வி. மருந்து தவறாமல் கிடைப்பது அவரைக் காக்கிறது, அடுத்தவரையும் காக்கிறது. அந்தப் பெண்ணின் கதை நமக்குச் சொல்வது இதைத்தான்.

2. இருமல் குற்றமான காலம்

இரண்டாவது கூறு உடலுக்கு வெளியே நடந்தது. சேதம் மிகப் பெரிதாக இருந்ததும் இங்கேதான்.

காசநோயைக் கண்டுபிடிக்கும் முறை பெரும்பாலும் ஒரே ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது: இரண்டு வாரத்துக்குமேல் இருமுகிறவர் தாமே எழுந்து மருத்துவமனைக்கு வருவார் என்ற நம்பிக்கை. கொரோனா காலத்தில் இருமுகிறவர் எங்கே போவார்? தெருவில் இருமினால் அக்கம்பக்கத்தார் கதவைச் சாத்தினார்கள். மருத்துவமனைக்குப் போனால் தனிமைப்படுத்தும் முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம். வீட்டு வாசலில் தகரம் அடிப்பார்கள் என்ற அவமானம். பேருந்தும் ஓடவில்லை, மாவட்ட எல்லை தாண்ட இ-பாஸ் வேண்டும். வீட்டிலேயே இருமலை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

வந்து சேர்ந்த சிலருக்கும் பரிசோதனை எளிதாக இல்லை. காசநோய்க் கிருமியின் மரபணுவைக் கண்டறியும் ஜீன்எக்ஸ்பர்ட், நம் நாட்டிலேயே உருவான ட்ரூநாட் ஆகிய கருவிகள் கொரோனா பரிசோதனைக்கும் பொருந்துபவை. அதனால் பல இடங்களில் அவை அந்த வேலைக்குத் திருப்பப்பட்டன. அவற்றை இயக்கிய தொழில்நுட்பர்களும், கிராமம் கிராமமாகச் சென்ற களப்பணியாளர்களும் கொரோனாப் பணிக்குப் போனார்கள். நெஞ்சக நோய்ப் படுக்கைகள் கொரோனாப் படுக்கைகள் ஆயின. அவசரத்தில் அப்படிச் செய்ததை நான் குறை கூறவில்லை. அந்த வேலையில் நானும் இருந்தேன். ஆனால் அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

2019-இல் இந்தியாவில் பதிவான காசநோயாளிகள் ஏறத்தாழ 24 லட்சம். 2020-இல் 18 லட்சம். உலக அளவில் 71 லட்சமாக இருந்தது 58 லட்சமாகக் குறைந்தது. அந்தச் சரிவில் மிகப் பெரிய பங்கு இந்தியாவுடையது. தென்னாப்பிரிக்காவிலும் முதல் ஊரடங்கு வாரங்களில் காசநோய்ப் பரிசோதனை ஏறத்தாழ பாதியாகியது. 2020 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம் கொரோனா நோயாளிகளுக்குக் காசநோயையும், காசநோயாளிகளுக்குக் கொரோனாவையும் சேர்த்தே பரிசோதிக்க வேண்டும் என்று வழிகாட்டியது. நல்ல முடிவு. ஆனால் அதற்குள் ஐந்து மாதம் ஓடிவிட்டது.

சிகிச்சை தொடங்காத நுரையீரல் காசநோயாளி ஒருவர் ஐந்து மாதம் வீட்டுக்குள் இருந்தால் என்ன ஆகும்? ஒற்றை அறை, மூடிய சன்னல், பள்ளி விடுமுறையால் வீட்டிலேயே இருக்கும் பிள்ளைகள். கொரோனாவிலிருந்து காக்கும் என்று நாம் நம்பிய அதே வீடு, காசநோய் பரவ ஏற்ற இடமாகிவிட்டது.

3. குறைந்த எண் தரும் பொய்யான ஆறுதல்

பதிவேட்டில் எண் குறைந்தால் அதிகாரிகளுக்கு மகிழ்ச்சி வருவது இயல்பு. இந்த இடத்தில் நூறாண்டு பின்னோக்கிப் போக வேண்டும்.

1918-இன் இன்ஃபுளுயன்சா உலகெங்கும் கோடிக்கணக்கானோரைக் கொன்றது. மிகப் பெரிய இழப்பைக் கண்ட நாடு இந்தியா. அதற்குப் பிறகு அமெரிக்காவில் காசநோய் இறப்பு விகிதம் வேகமாகக் குறைந்தது. ஆண்ட்ரூ நாய்மர் என்ற மக்கள்தொகை ஆய்வாளர் இதை ஆராய்ந்து ஒரு விளக்கம் சொன்னார். காசநோய் இருந்தவர்களில் பெருந்தொகையினரை இன்ஃபுளுயன்சாவே முன்கூட்டிக் கொண்டுபோய்விட்டது. அடுத்த ஆண்டுகளில் காசநோயால் இறந்திருக்கக்கூடியவர்கள் உயிரோடு இல்லை. அதனால் எண் குறைந்தது. ஆண்களிடம் காசநோய் அதிகமாக இருந்ததால், அந்த ஆண்டுகளில் ஆண், பெண் ஆயுள் இடைவெளிகூடச் சுருங்கியது என்று அவர் காட்டினார்.

பதிவான எண் குறைந்தால் நோய் குறைந்தது என்று முடிவுகட்டக் கூடாது. 2020-இல் பதிவு குறைந்தபோது இறப்பு கூடியது. பத்தாண்டுகளுக்கும் மேலாக உலகில் இறங்கிவந்த காசநோய் இறப்பு அந்த ஆண்டு முதன்முறையாக ஏறியது. அந்த ஆண்டு இறந்தவர்கள் சுமார் 15 லட்சம் பேர். அவர்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எச்.ஐ.வி.யும் உடையவர்கள். 2020 முதல் 2022 வரையிலான மூன்று ஆண்டுகளில் சேவைகள் முடங்கியதால் நேர்ந்த கூடுதல் காசநோய் இறப்பு ஏறத்தாழ 5 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. நாம் நாள்தோறும் மாலையில் தொலைக்காட்சியில் பார்த்த கொரோனா இறப்புப் பட்டியலில் இவர்களில் ஒருவரும் இல்லை.

4. எச்.ஐ.வி. திட்டம் எப்படித் தாங்கியது

இப்போது முற்றத்தைத் தாண்டி மறுபக்கம் போவோம்.

2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பும் ஒரு கணிப்பை வெளியிட்டன. சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் எச்.ஐ.வி. மருந்து ஆறு மாதம் தடைபட்டால் கூடுதலாக 5 லட்சம் பேர் இறக்கக்கூடும் என்றது அது. அந்த அளவுக்குப் பேரழிவு நேரவில்லை. எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஒழிப்புக்கு நிதி தரும் உலக நிதியம் உதவும் நாடுகளில் 2020-இல் எச்.ஐ.வி. மருந்து எடுத்தவர்களின் தொகை குறையாமல், 8.8 விழுக்காடு கூடி 2 கோடியே 19 லட்சமாயிற்று. அதே நாடுகளில் காசநோய்ச் சிகிச்சை பெற்றவர்கள் ஏறத்தாழ பத்து லட்சம் குறைந்தார்கள்.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், நம் சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா இரத்த மாதிரிகளைத் தாமே சேகரித்து வேலூருக்குக் கொண்டுசென்று சோதித்தார். சமூகம் ஒதுக்கிய பெண்களைத் தேடிப் போய்த்தான் அந்த முதல் ஆய்வே நடந்தது. 2004 ஏப்ரலில் இலவச மருந்து தொடங்கிய முதல் எட்டு மருத்துவமனைகளில் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. வாழ்நாள் முழுக்க மாத்திரை எடுக்க வேண்டிய நோய் என்பதால், பெயர் விடுபட்டால் தேடிப் பிடிப்பது அந்தத் திட்டத்தில் தொடக்கத்திலிருந்தே அன்றாட வேலையாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, எச்.ஐ.வி. உள்ளவர்களே கூடி அமைத்த வலைப்பின்னல்கள் இருந்தன. ஊரடங்கில் இரு சக்கர வண்டியில் மாத்திரை கொண்டுபோனவர்களில் பலர் அதே மாத்திரையைத் தாமும் எடுப்பவர்கள். யாருடைய வீட்டு வாசலில் நிற்கலாம், யாரைப் பேருந்து நிறுத்தத்தில் சந்திக்க வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் இந்தப் பக்கத்திலும் என் கருத்தின் மறுபாதி உண்மையாயிற்று. அதே 2020-இல் உலக நிதியம் உதவும் நாடுகளில் எச்.ஐ.வி. பரிசோதனை 22 விழுக்காடு சரிந்தது. எச்.ஐ.வி. பரிசோதனை நடக்கும் நம் ஊர் நம்பிக்கை மையங்களிலும் வருகை குறைந்தது. ஏற்கெனவே பெயர் பதிந்தவர்களைத் திட்டம் காத்தது. தொற்று இருப்பதே அறியாதவர்கள் அறியாமலேயே இருந்துவிட்டார்கள். சிடி4 இறங்கிய பிறகே பலர் வந்து சேர்ந்தார்கள், காசநோயையும் சேர்த்துக்கொண்டு. எனவே எச்.ஐ.வி. திட்டம் வென்றது, காசநோய்த் திட்டம் தோற்றது என்று நான் சொல்லவில்லை. இரண்டிலும் ஒரே கோடுதான் மக்களைப் பிரித்தது. காசநோயில் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் மிக அதிகம்.

5. பெயர் பதிவதன் விலை

'அப்படியானால் எல்லாருடைய பெயரையும் பதிந்துவிட்டால் போதுமே' என்று நீங்கள் எண்ணலாம். அங்கே ஒரு முள் இருக்கிறது.

2021 மார்ச் மாதம் தடுப்பூசி 45 வயதுக்கு மேற்பட்ட, இணைநோய் உள்ளவர்களுக்குத் திறந்தது. மத்திய அரசு வெளியிட்ட 20 இணைநோய்களின் பட்டியலில் எச்.ஐ.வி.யும் இருந்தது. ஆபத்து கூடுதலாக உள்ளவருக்கு முன்னுரிமை; நோக்கத்தில் பழுதில்லை. ஆனால் அதைப் பெற, மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கி முகாமில் காட்ட வேண்டும். சிறு ஊரில் முகாம் பள்ளிக்கூடத்தில் நடக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பக்கத்துத் தெருக்காரராக இருப்பார். நடுத்தர வயதுப் பெண் ஒருவர் என்னிடம் சொன்னார்: "ஐயா, ஊசி நாலு வாரம் கழிச்சுப் போட்டுக்கறேன். இந்தச் சீட்டைக் காட்டிட்டு அப்புறம் அந்தத் தெருவுல எப்படி நடப்பேன்?" அவர் காத்திருந்தார்.

2017-இல் இயற்றிய எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் ஒருவரின் நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது. அந்தச் சட்டத்தின் உயிர், அவசரக் காலத்து நடைமுறைகளில் இருக்க வேண்டும். எவருடைய பெயர் பதிவேட்டில் ஏறுகிறதோ அவருக்கு அந்தப் பதிவேடு வெளியே கசியாது என்ற உறுதியும் வேண்டும். அந்த உறுதி இல்லாத இடத்தில் மக்கள் பெயர் சொல்லவே மாட்டார்கள். நாம் மீண்டும் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவோம்.

6. வீட்டுக்குப் போகும் மருத்துவம்

கடைசிக் கூறு தீர்வைப் பற்றியது. இந்தத் தீர்வு நம் ஊரிலேயே, 60 ஆண்டுகளுக்கும் முன்பே கிடைத்துவிட்டது என்பதை மாணவர்கள் பெருமையோடு நினைவில் வைக்க வேண்டும்.

1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். அன்றுவரை காசநோயாளி என்றால் சானடோரியம்; நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு. இந்த நாட்டின் நோயாளிகளுக்கு அத்தனை சானடோரியங்கள் கட்டவே முடியாது. நகரின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராரைச் சானடோரியத்திலும் மறு சாராரை அவரவர் குடிசையிலும் வைத்து ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வெளியானது: வீட்டில் இருந்தவர்கள் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சையை மருத்துவமனைக்கு வெளியே கொண்டுவந்த ஆய்வு இது.

இந்த ஆய்வை நினைவுகூரும்போது நம்மில் பலர் ஒன்றை மறந்துவிடுகிறோம். அங்கே நோயாளிகள் வீட்டில் தனியே விடப்படவில்லை. மையத்தின் பணியாளர்கள் வீடு தேடிச் சென்றார்கள்; மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள். வீடு மருத்துவமனையானது, மருத்துவம் வீட்டுக்குப் போனதால். 2020-இல் ஏ.ஆர்.டி. மையம் செய்தது அந்தச் சேத்துப்பட்டுப் பாடத்தைத்தான். சளிப் பரிசோதனைக் கூடம் செய்ய முடியாமல் போனதும் அதுவே.

பெருந்தொற்றுக்குப் பின் தமிழ்நாட்டில் ஒரு நல்ல தொடக்கம் நிகழ்ந்தது. 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், காசநோய் உறுதியானவுடனேயே ஒவ்வொருவரையும் சில எளிய அளவுகளால் தரம் பிரிக்கிறது. எடை மிகக் குறைவா, காலில் வீக்கமா, மூச்சு வேகமா, துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா, இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு? ஆபத்தான நிலையில் இருப்பவர் உடனே மருத்துவமனைக்கு. ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் சிறு கருவி, பல்ஸ் ஆக்சிமீட்டர், கொரோனா காலத்தில்தான் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வீடுகளுக்கும் பரவலாக வந்தது. அன்று கொரோனாவுக்காக வாங்கியது இன்று காசநோயாளியின் உயிரைக் காக்கிறது.

உணவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெருந்தொற்று ஆண்டுகளிலேயே ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில், சேத்துப்பட்டு நிறுவனமும் பங்கேற்ற ஓர் ஆய்வு நடந்தது. காசநோயாளியின் வீட்டாருக்கு மாதந்தோறும் உணவுப் பொருள் கொடுத்ததில், அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. ஊரடங்கில் கூலி இழந்து கால் வயிறு உண்ட குடும்பங்களை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பாருங்கள்.

எனவே அடுத்த மூச்சுத்தொற்றுக்கு ஆயத்தமாவது பற்றிப் பேசும்போது, படுக்கைகளையும் ஆக்சிஜன் தொட்டிகளையும் எண்ணுவதோடு நான்கு காரியங்களைச் சேர்க்க வேண்டுகிறேன். இருமலோடு வருகிற எவருக்கும் ஒரே வருகையில் புதிய தொற்றுக்கும் காசநோய்க்கும் சேர்த்தே பரிசோதனை. எந்த அவசரத்திலும் காசநோய்க் களப்பணியாளர்களில் ஒரு பங்கினரை வேறு பணிக்கு மாற்றாமல் நிறுத்திவைத்தல். எச்.ஐ.வி. மாத்திரையைப் போலவே காசநோய் மாத்திரையையும் முதல் வாரத்திலேயே பல மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்து, கூடவே உணவையும் வீடு சேர்த்தல். நோயாளிகளின் அமைப்புகளுக்குத் திட்டமிடும் மேசையிலேயே இருக்கை.

உலகில் காசநோய் கண்டறியப்பட்டவர்கள் 2023-இல் 82 லட்சம். கண்டறிதல் பழைய நிலையைத் தாண்டி மீண்டிருக்கிறது. ஆனால் அதே ஆண்டில், ஒற்றைக் கிருமியால் மிகுதியானோரைக் கொல்லும் நோய் என்ற பழைய இடத்துக்குக் காசநோய் திரும்பவும் வந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

அன்பர்களே, நான் சொன்ன அந்தப் பதிவேடு மறுபடி நிரம்பத் தொடங்கியது 2021-இன் இறுதியில். ஒரு நாள் இளைஞர் ஒருவர் தம் தாயைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார் அந்த அம்மா. இருமல் எப்போது தொடங்கியது என்று கேட்டேன். "போன வருஷம் லாக்டவுன்லயே ஆரம்பிச்சது சார். எங்க போறதுன்னு தெரியல" என்றார் மகன். அந்த அம்மாவின் பெயரைப் பதிவேட்டில் எழுதினோம், மருந்தைத் தொடங்கினோம். அவர் மூன்று வாரம்தான் இருந்தார்.

அந்த வரியில் எழுதியிருக்கும் தேதி ஒன்றரை ஆண்டு பிந்திய தேதி. அந்த ஒன்றரை ஆண்டில் ஒரே ஒரு நாள், ஒரே ஒருவர், அந்த வீட்டுக் கதவைத் தட்டிச் சளிக் குப்பியை நீட்டியிருந்தால் அவர் பிழைத்திருக்கக்கூடும். அப்படித் தட்டுவதற்கு ஆள் இருக்கும் நாடாக இதை ஆக்குவதில், இந்த அரங்கில் இருக்கும் மாணவர்கள் சிலராவது தங்கள் வாழ்நாளைச் செலவிட வேண்டும். அதைக் கேட்கவே வந்தேன்.